மிளகு மூட்டைகளுக்குப் பின்னால் என் ஒயின்

என் கொழுந்தனார் குமரவேல் குடிகாரர் இல்லை. எங்கள் வீட்டில் குடிப்பவள் நான்!

எழுதிவிட்டேன்... எனக்குள் இப்போது பாதிதான் பயம். மீதிப் பாதி உற்சாகம் என்று சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்கள்? நினைத்துக்கொள்ளுங்கள். என் ஒயினைப் பற்றி வாய்விட்டுப் பேச எனக்கு இதுவரை ஒருவரும் கிடைக்கவில்லை. இன்று நீங்கள் அகப்பட்டீர்கள்!

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். கொல்லிமலையில், குண்டூர் நாடு என்கிற பகுதியில், எங்களுக்கு ஒரு மிளகுத் தோட்டமும் அதன் நடுவே ஓட்டு வீடும் இருக்கின்றன. என் கணவர் லாரி ஓட்டுகிறார். வடக்கே போனால் திரும்பி வர நாளாகும். ஆகவே வீட்டில் பெரும்பாலும் மாமியார், குமரவேல், நான் என்று மூன்றே பேர். மாமனார் குடித்தே போய்ச் சேர்ந்தவர். அதனால் சாராயம் என்ற சொல்லைக்கூட இங்கே யாரும் வாயில் எடுப்பதில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்கு மருமகளாக வந்து, அதே கூரையின் கீழ் ஜாடி ஜாடியாக ஒயின் போட்டவள் நான். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

ஆனால் நான் போடுவது எது என்று தெரியாமல் என்னைத் திட்டாதீர்கள். தெரிந்துகொண்டு திட்டுங்கள்.

கல்யாணத்துக்கு முன்பு பெங்களூரில் ஒரு பழச்சாறு ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். சாறு கெட்டுப்போகாமல் இருக்க எவ்வளவு கந்தகப் பொடி சேர்க்கலாம் என்று அளந்து சொல்வதுதான் என் வேலை. மாலையில் வெளியே வந்தால் மூக்கெல்லாம் தீக்குச்சி உரசிய வாடை. நான் அளந்து அனுப்பிய சாறு மாதக்கணக்கில் நிறம் மாறாமல், ருசி மாறாமல், அடைத்தது அடைத்தபடியே நிற்கும். அதுதான் திறமை என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அங்கே என்னோடு வேலை பார்த்த ஸ்டெல்லா, ஒரு கிறிஸ்துமஸுக்குத் தன் வீட்டில் போட்ட ஒயினைக் கொண்டுவந்தாள். "இதுல எதுவுமே சேர்க்கல. திராட்சை மட்டும்தான்" என்றாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி என் கையில் கொடுத்தாள்.

ஐயோ, அந்த முதல் வாய்!

முதலில் நாவற்பழத் துவர்ப்பு... அதன் பின்னால் ஒரு புளிப்பு... அதற்கும் பின்னால், ஒளிந்து நிற்பது போல ஒரு இனிப்பு... விழுங்கி வெகுநேரம் கழித்து, மிளகைக் கடித்தாற்போல அடித்தொண்டையில் ஒரு காரம்! இரண்டாவது வாய் வேறு மாதிரி இருந்தது. குவளையைச் சற்று நேரம் வைத்திருந்து குடித்தால் இன்னொரு மாதிரி! ஒரே சாறு எப்படி ஒவ்வொரு வாய்க்கும் மாறும்? "இது உயிரோட இருக்குடி!" என்று கத்தினேன். பக்கத்து அறையிலிருந்து மேலாளர் எட்டிப் பார்த்தார்.

அன்றைக்கு ஆரம்பித்த பைத்தியம். இன்னும் தெளியவில்லை.

பிறகு கல்யாணம். அடிவாரத்துக் காரவள்ளியில் மலை ஏறத் தொடங்கிய கார், வளைந்து வளைந்து மேலே வந்து நின்றது. இறங்கியதும் குளிர்காற்று முகத்தில் அடித்தது. ஆரத்தித் தட்டோடு மாமியார் எதிரே நிற்கிறாள். புதுப்பெண்ணுக்கு அப்போது என்ன தோன்ற வேண்டும்? எனக்குத் தோன்றியது, "இந்தக் குளிருக்கு ஒயின் அருமையாக வருமே!" என்பதுதான். ஆரத்தியின் சிவப்புத் தண்ணீர்கூட எனக்கு அதையே ஞாபகப்படுத்தியது.

திராட்சைக்கு வழி? மிளகை விற்க நாமக்கல் போய்வருபவர் குமரவேல். அவரிடம், "தம்பி, வரும்போது கம்பத்துப் பன்னீர் திராட்சை ஒரு பெட்டி வாங்கிட்டு வாங்க. ரத்தம் ஊறுமாம்" என்றேன்.

"ரத்தம் ஊறறதுக்கு ஒரு பெட்டியாங்கண்ணி?" என்று சிரித்தார். ஆனாலும் நசுங்காமல், பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்த்தார். அவர் அப்படிப்பட்டவர். ஒன்றைச் சொன்னால் ஏன் என்று இரண்டு முறை கேட்கமாட்டார்.

போடுவது எப்படி என்று சொல்லட்டுமா? சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது! திராட்சையின் மேல் சாம்பல் பூத்தாற்போல ஒரு படலம் இருக்கும். அதைக் கழுவிவிடக் கூடாது; புளிக்கவைப்பது அதில் இருப்பதுதான். காம்பைக் கிள்ளிவிட்டுக் கையாலேயே பிசைய வேண்டும். முழங்கை வரை ஊதா நிறம்! பீங்கான் ஜாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டிவிட்டால் முடிந்தது. ஈஸ்ட் வேண்டாம், சர்க்கரை வேண்டாம், பொடி வேண்டவே வேண்டாம்.

இரண்டொரு நாளில் ஜாடி பேச ஆரம்பிக்கும். காதை வைத்துக் கேட்டால் உள்ளே சளசளவென்று ஒரு சத்தம்... பொரிகடலையைக் கொறிப்பது போல! தோலெல்லாம் மேலே திரண்டு வரும். கரண்டிக் காம்பால் அமுக்கிவிட்டால் நுரை பொங்கிக்கொண்டு எழும். "உள்ள என்ன கண்ணு?" என்று மாமியார் கேட்டாள். "ஊறுகாய்க்குப் புளிக்கவைக்கிறேனுங்க அத்தை" என்றேன். புளிக்கவைப்பது என்பதாவது உண்மைதானே?

வடிகட்டியதைப் பாட்டிலில் ஊற்றித் தக்கை அடித்துப் படுக்கவைக்க, வீட்டிலேயே குளிர்ந்த இடம் தேவைப்பட்டது. அது குமரவேலின் அறை. வடக்குப் பார்த்தது, ஓட்டின் மேல் பலாமரம் கவிந்திருக்கும். மிளகு மூட்டைகளை அங்கேதான் அடுக்குவார்கள். மூட்டைகளுக்குப் பின்னால் என் பாட்டில்களை வரிசையாகப் படுக்கவைத்தேன். "பழரசம் தம்பி, வெயில் படக்கூடாது" என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

செவ்வாயும் வெள்ளியும் மாமியார் கோயிலுக்குப் போவாள். அந்த மாலை நேரம் எனக்கு! பின்வாசற்படியில் உட்கார்ந்து, பார்ப்பவருக்குக் காபி என்று தோன்றும்படி எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, சிறுகச் சிறுகக் குடிப்பேன். எதிரே மரங்களில் மிளகுக்கொடி. மேலே மேகம் இறங்கிவரும். போதைக்காகவா குடித்தேன்? இல்லவே இல்லை... ஒரு டம்ளருக்கு மேல் போனதே கிடையாது. இந்தப் பாட்டில் எப்படி இருக்கிறதோ, போன வாரத்தைவிட மாறியிருக்கிறதோ என்ற அந்தத் துடிப்புக்காக! உலகத்தில் வேறு எதற்கும் என் நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டதில்லை. கல்யாணத்தன்றுகூட இல்லை. என் கணவர் இதைப் படிக்காமல் இருக்க வேண்டும்.

இனி சொல்ல வேண்டியதற்கு வருகிறேன்...

ஒரு வருடம் கார்த்திகையில் போட்டேன். மார்கழிக் குளிரில் ஜாடியின் சத்தம் அடங்கிவிட்டது. புளித்து முடிந்துவிட்டது என்று நம்பி, தையில் பாட்டிலில் ஊற்றித் தக்கை அடித்தேன். பெங்களூர் ஆய்வுக்கூடத்து அறிவு அவ்வளவுதான்! அது முடியவில்லை. மலைக் குளிரில் சுருண்டு தூங்கிப்போயிருந்தது. ஒரு சிட்டிகை கந்தகப் பொடி போட்டிருந்தால் அந்தத் தூக்கம் நீடித்திருக்கலாம். நான்தான் பொடியைத் தொடமாட்டேன் என்று பெருமை பேசுகிறவள் ஆயிற்றே! பங்குனி வெயில் ஏறியதும் உள்ளே எல்லாம் விழித்துக்கொண்டது. எனக்குத் தெரியாது.

அந்தப் பங்குனியில்தான் குமரவேலுக்குச் சம்பந்தம் பேச, சேந்தமங்கலம் பக்கத்திலிருந்து பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வந்தார்கள். மலைப்பாதை வளைவுகளில் ஏறி வந்த கிறக்கத்தில் பாதிப் பேர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் தாய்மாமன் ஒருவர்தான் தெம்பாக இருந்தார். குமரவேல் புது வேட்டியில், யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் நின்றார். அந்தப் பெண்ணின் போட்டோவை என்னிடம் நீட்டி, "நல்லா இருக்குதுங்களா அண்ணி?" என்று எத்தனை முறை கேட்டிருப்பார்! அவருக்கு அவளை அவ்வளவு பிடித்திருந்தது.

நான் காபித் தட்டோடு கூடத்துக்குள் வந்தேன். டப்!

"வெடிங்களா?" என்றார் தாய்மாமன்.

"ஓட்டு மேல பலாக்காய் உழுந்திருக்குதுங்க" என்றாள் மாமியார்.

டப்! மறுபடியும் டப்! பிறகு கண்ணாடி நொறுங்கும் சத்தம். குமரவேல் அறையின் கதவுக்கு அடியிலிருந்து, செக்கச்செவேலென்று ஒரு கோடு ஊர்ந்து வந்து கூடத்துத் தரையில் பரவியது. தாய்மாமன் எழுந்து கதவைத் தள்ளினார். வாசனை கூடம் முழுக்க நிறைந்தது.

இப்போது நான் சொல்லப்போவதை யாரிடமும் சொன்னதில்லை... அந்த நொடியில் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை! "அடடா, என்ன வாசனை! இவ்வளவு அருமையாக வந்திருக்கிறதே, வீணாகிறதே!" என்றுதான் தோன்றியது. ஒரு மனிதரின் வாழ்வு என் கண்ணெதிரே உடைந்துகொண்டிருந்தது. நான் மூச்சை ஆழ இழுத்து முகர்ந்துகொண்டிருந்தேன்!

"இது யாருதுங்க?" என்றார் தாய்மாமன். சத்தம் போடவில்லை. மரியாதையாகத்தான் கேட்டார்.

குமரவேல் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. பழரசம் என்று நான் சொன்னது எதுவென்று அந்தக் கணத்தில் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "என்ரதுதானுங்க" என்றார்.

"அப்பன் ரத்தம்..." என்று மாமியார் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். "எம்பட வயித்துலயும் வந்துருச்சே சாமி..."

நான் என்ன செய்தேன் தெரியுமா? உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்! அதிலிருந்து வந்த வார்த்தை, "காபி ஆறிரும், எடுத்துக்கங்க" என்பதுதான். யாரும் எடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அறையைக் கழுவித் துடைத்தவர் குமரவேல்.

அன்று மாலையே தோட்டத்தில் அவரைத் தேடிப் போனேன். "தம்பி, நான் அத்தைகிட்டச் சொல்லிடறேன்" என்றேன்.

"உடுங்கண்ணி. ஆம்பளைன்னா நாலு நாளைக்குப் பேசுவாங்க, அப்பறம் மறந்துருவாங்க. உங்களப் பேசுனாங்கன்னா அண்ணன் தாங்காது. அம்மா உசுரையே உட்டுரும். போங்க, பொழுதாச்சு" என்றார்.

நான் போனேன். எவ்வளவு சுலபமாகப் போனேன்! அடுத்த வாரம் மாமியார் அவரைக் குலதெய்வக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கற்பூரத்தைக் கொளுத்தி, அதை உள்ளங்கையால் அடித்து அணைத்து, இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். வாழ்க்கையில் ஒருமுறைகூடத் தொடாதவர்! கை கொப்பளித்துவிட்டது. மஞ்சள் அரைத்துப் போட்டுவிட்டவள் நான்தான்.

நாலு நாள் என்றார். வருடங்கள் ஓடின. சம்பந்தம் வரும், மலையடிவாரத்தில் யாரோ ஒருவர் காதைக் கடிப்பார், அது அப்படியே நின்றுபோகும். அவர் தலையில் நரை எட்டிப் பார்த்தது. சரி, நீ நிறுத்தினாயா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது...

ஒரு பருவம் நிறுத்தினேன். அடுத்த ஐப்பசியில் மழை விட்டு வெயில் வந்த ஒரு காலை, என்னால் முடியவில்லை! நாமக்கல் கிளம்பிக்கொண்டிருந்த குமரவேலிடம், வெட்கமில்லாமல், "தம்பி... திராட்சை..." என்றேன். "ஒரு பெட்டியாங்கண்ணி?" என்றார். அந்த முறை சிரிக்கவில்லை. முன்பு போலவே மடியில் வைத்து, நசுங்காமல் கொண்டுவந்து கொடுத்தார்.

அதிலிருந்து நான் ஒன்று மட்டும் கற்றுக்கொண்டேன். சித்திரை வெயிலைப் பார்த்த பிறகுதான் தக்கை அடிக்கிறேன். ஒயின் முன்னைவிட எவ்வளவோ தேறிவிட்டது! இதைச் சொல்லும்போதே பூரிப்பு வருகிறது பாருங்கள்... இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

போன வருடம் கோகிலா என்ற பெண்ணின் வீட்டிலிருந்து சம்பந்தம் பேச வந்தார்கள். அவளுடைய அத்தை விவரமானவள். காபி குடித்த கையோடு என்னைத் தனியாகக் கொல்லைப்புறம் கூட்டிப் போனாள். "கண்ணு, நீ படிச்ச புள்ள. ஒரே ஊட்டுல இருக்கறவ. வெளிய ஒரு பேச்சு காதுல உழுந்துச்சு. பையன் குடிக்கறதுண்டா? எங்கிட்ட மறைக்காதே சாமி" என்றாள்.

இதோ, வந்துவிட்டது! இத்தனை வருடம் கழித்து என் முன்னால் வந்து நின்றது. "அவர் குடித்ததே இல்லைங்க. அந்தப் பாட்டில்கள் என்னுடையவை" என்று சொன்னால் போதும். அல்லது, "அவர் குடித்ததே இல்லைங்க" என்று பாதியை மட்டுமாவது சொல்லியிருக்கலாம். ஆனால், அப்படியானால் அந்தப் பாட்டில்கள் யாருடையவை என்று அவள் அடுத்துக் கேட்பாளே!

"திருந்திட்டாருங்க" என்றேன்.

ஒரே வார்த்தை. சம்பந்தம் முடிந்தது! அண்ணி நல்லவள், அவள்தான் பையனைத் திருத்தி எடுத்தாள் என்று கல்யாணப் பந்தலில் ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். மாமியார் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குமரவேல் மாலையோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தான் செய்யாத தப்பை விட்டுத் தான் திருந்திய கதையை!

கோகிலா தங்கமான பெண். என்னை அக்கா அக்கா என்று சுற்றிவருவாள். ஆனால் ஒவ்வொரு மாலையும் குமரவேல் தோட்டத்திலிருந்து வந்ததும், கால் கழுவத் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் போய் முகர்ந்து பார்ப்பாள். அவரும் தெரிந்தே அசையாமல் நிற்பார். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். புது ஜோடிக்கு அந்த அறையை ஒழித்துக் கொடுத்தபோது மிளகு மூட்டைகள் பின்கட்டுக்கு வந்தன. மூட்டைகளோடு என் பாட்டில்களும் வந்தன.

இப்போது கோகிலா முழுகாமல் இருக்கிறாள். மசக்கை. மூக்கு அவளுக்குக் கத்தி போலாகிவிட்டது.

போன வெள்ளிக்கிழமை மாமியார் கோயிலுக்குப் போயிருந்தாள். கோகிலா படுத்திருந்தாள். அடுப்படியிலேயே இந்த வருடத்து முதல் பாட்டிலைத் திறந்தேன். என்ன சொல்வேன்! இத்தனை வருடத்தில் இப்படி ஒன்று அமைந்ததே இல்லை. ரோஜா இதழ் வாசனை... அதற்கடியில் மழை நனைத்த மண்... அப்புறம் மிளகு, மிளகு, நம் மலை மிளகு! மூட்டைக்குப் பின்னால் இருந்தே அந்த மணத்தைக் குடித்துக்கொண்டதோ? எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது. யாரையாவது உலுக்கி, குடித்துப் பார், குடித்துப் பார் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது!

"அக்கா... என்னமோ வாசம் வருதுங்க்கா" என்றபடி கோகிலா அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

டம்ளரைச் சட்டென்று முறத்துக்குப் பின்னால் வைத்தேன். அந்த நேரம் பார்த்துக் குமரவேல் மண்வெட்டியோடு பின்வாசலில் வந்தார். கோகிலாவின் முகம் வெளுத்தது. நேரே அவரிடம் போனாள். "ஊதிக் காட்டுங்க" என்றாள்.

அவர் ஊதினார். நாற்பதை எட்டப்போகிற மனிதர், மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, மனைவியின் முகத்தில் ஊதிக் காட்டினார்.

"இல்ல... இவரு மேல இல்லைங்க்கா" என்று அவள் அழுகையும் சிரிப்புமாக என் பக்கம் திரும்பினாள். "என்ர மூக்குத்தான் பித்துப் பிடிச்சிருச்சு. ஆனா பயமா இருக்குதுங்க்கா. பொறக்கறது பையனா இருந்து, இவரோட அய்யனாட்ட, இவராட்ட... ரத்தத்துலயே வந்துருமாங்க்கா? நீங்க படிச்சவங்க. நீங்க சொல்லுங்க."

அவள் தோளுக்கு மேலாகக் குமரவேல் என்னைப் பார்த்தார். அன்று பெண் வீட்டார் முன்னால் பார்த்த அதே பார்வை.

சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது... ஆனால் வாயைத் திறந்தால் வாசனை வந்துவிடும்! நான் உதட்டை இறுக மூடிக்கொண்டு, வராது என்று தலையை மட்டும் ஆட்டினேன். அதுவே போதும் என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். குமரவேல் குனிந்து மண்வெட்டியை எடுத்துச் சுவரில் சாத்திவிட்டுக் கால் கழுவப் போனார்.

முறத்துக்குப் பின்னால் டம்ளரில் இன்னும் ஒரு வாய் மிச்சம் இருந்தது. அவர்கள் போனதும் அதையும் எடுத்துக் குடித்தேன். அப்போதும் அது நன்றாகத்தான் இருந்தது.